கெண்டை வளர்ப்புக் குளங்களில் மீன்பேன் பெருக்கம்: கொல்லேறுப் பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஆந்திரப் பிரதேசத்தின் கொல்லேறு ஏரியைச் சூழ்ந்த கெண்டை வளர்ப்புக் குளங்களில் மீன்பேன் என்னும் ஒட்டுண்ணி தொடர்ந்து இழப்பை உண்டாக்கி வருகிறது. அதன் வாழ்க்கைச் சுழற்சிக்கும் அங்கு நிலவும் வளர்ப்பு முறைக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மீன்பேன், ரோகு, ஒட்டுண்ணி, இருப்புச் செறிவு, கொல்லேறு

ஒட்டுண்ணியின் இயல்பு

பேன் எனப்படினும் இது பூச்சியினத்தைச் சார்ந்ததன்று. இறால், நண்டு ஆகியவற்றின் உறவான ஓடுடைய கணுக்காலி. அறிவியலார் இதனை ஆர்குலஸ் என்பர். இந்தியக் கெண்டைக் குளங்களில் பெரிதும் காணப்படுவது ஆர்குலஸ் சியாமென்சிஸ் என்னும் இனமாகும். சில மில்லிமீட்டர் அளவேயுடைய தட்டையான உடலும், மீனின் தோலைப் பற்றிக்கொள்ளும் இரு உறிஞ்சு கிண்ணங்களும், வாய்க்கு முன்னே கூரிய கொடுக்கும் இதற்குண்டு. கொடுக்கினால் தோலைத் துளைத்துக் குருதியையும் உடல்நீரையும் உண்கிறது. அவ்வாறு உண்டான புண்ணின் வழியே ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் நுழைகின்றன. பெரிய மீன்கள் பேனால் மட்டுமே மடிவது குறைவு. அவை இரையெடுப்பதைக் குறைத்து மெலிகின்றன. சிவந்த புண்களால் சந்தை மதிப்பை இழக்கின்றன. இந்தியக் கெண்டைக் குளங்களில் இதனால் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு ஏறத்தாழ ரூ.29,500 இழப்பு ஏற்படுவதாக 2013இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறுகிறது. மடிந்து மிதக்கும் மீனை உழவர் எண்ணிவிடலாம்; எடை கூடாமற்போன மீனோ அறுவடை நாளில்தான் கணக்கில் தெரியும்.

இவ்வுயிரி தன் வாழ்நாள் முழுவதையும் மீனின் மேல் கழிப்பதில்லை. கருவுற்ற பெண்பேன் மீனை விட்டு நீங்கி, நீரிலுள்ள கல், கம்பு, செடித்தண்டு முதலிய உறுதியான பரப்புகளில் நூற்றுக்கணக்கான முட்டைகளை வரிசையாக ஒட்டிவைக்கிறது. வெப்பமான நீரில் இரண்டு மூன்று வாரங்களில் அவை பொரிகின்றன. பொரித்த இளம்பேன் சில நாட்களுக்குள் ஒரு மீனைக் கண்டடையாவிட்டால் இறந்துபோகும். இயற்கை நீர்நிலையில் பேனின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது இந்தச் சில நாட்களே. மீன்கள் நெருங்கி வாழும் குளத்தில் அத்தடை ஏறத்தாழ இல்லாதொழிகிறது.

வளர்ப்பு முறையின் பங்கு

கூட்டு மீன்வளர்ப்பின் கோட்பாட்டின்படி மேல்நீரில் கட்லா, இடைநீரில் ரோகு, அடிநீரில் மிர்கால் எனப் பங்கிட்டு விடப்பட வேண்டும். கொல்லேறுப் பகுதியில் நடைமுறை வேறு. கொல்கத்தா, அசாம் சந்தைகளின் தேவையையொட்டி ரோகுவே பெரும்பான்மை, கட்லா சிறுபான்மை, மிர்கால் பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. ரோகுவோ இவ்வொட்டுண்ணிக்கு மிக எளிதில் இலக்காகும் இனம். எனவே சந்தை விரும்பிய மீனே பேனும் விரும்பிய மீனாக அமைந்துவிட்டது.

நெருக்கமாக வைத்து ஓராண்டு வளர்த்த குஞ்சுகளைப் பெருங்குளத்திற்கு மாற்றுவது அங்குள்ள வழக்கம். இக்குஞ்சுகள் விரைவாக எடை கூடும் என்பது உண்மை; ஆயினும் நாற்றங்காற் குளத்தில் பேன் இருப்பின் அதுவும் உடன்வரும். மற்றொன்று பெரிதும் கவனிக்கப்படாதது. எண்ணெய் நீக்கிய தவிட்டைத் துளையிட்ட பைகளில் இட்டுக் கம்புகளில் கட்டித் தொங்கவிடுவது அப்பகுதிக்கே உரிய தீவன முறை. இதனால் தீவனம் வீணாவது குறைகிறது. ஆனால் முட்டையிடத் தகுந்த கம்பும், நாள்தோறும் மீன்கள் திரளும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. பொரித்த இளம்பேனுக்கு இதனினும் வாய்ப்பான இடம் வேறு இராது என்பது கட்டுரையாளரின் கருத்து.

மருந்தும் அதன் எல்லையும்

முற்காலப் பாடநூல்கள் காமாக்சின் என்னும் லிண்டேனைப் பரிந்துரைத்தன. இந்தியாவில் இன்று அது தடைசெய்யப்பட்ட நஞ்சு. அதனிடத்தில் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் முதலியன நீரில் கலக்கப்படுகின்றன. இவை வளர்ந்த பேனையும் இளம்பேனையும் கொல்லும், முட்டையைக் கொல்வதில்லை. ஆகவே பொரிப்புக் காலத்தைக் கணக்கிட்டு மீண்டும் இடவேண்டியுள்ளது. பல பத்து ஏக்கர் பரப்பும் சீரற்ற ஆழமும் உடைய குளத்தில் நீரின் கொள்ளளவைப் பிழையின்றிக் கணித்தல் அரிது. அளவு குறைந்தால் பேன் பிழைத்து மருந்துக்குப் பழகும். மிகுந்தால் மீனுக்கே கேடு. மேலும் பேன் ஓடுடைய உயிரி என்பதால், அதனைக் கொல்லும் நஞ்சு அதன் உறவான விலங்கு மிதவை உயிரிகளையும் அழிக்கும். கட்லாவின் இயற்கை உணவு அவையே.

தீவனத்தில் ஐவர்மெக்டின் கலந்து கொடுக்கும் முறையும் உண்டு. இதிலும் ஓர் இடர்ப்பாடு உளது: பேனால் மிகவும் நலிந்த மீன் தீவனத்தை அண்டுவதில்லை; மருந்து தேவைப்படும் மீனுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது.

முட்டையைக் குறிவைக்கும் எளிய வழி ஒன்றுண்டு. மூங்கில் கழிகளையோ பலகைகளையோ குளத்தில் நட்டு, வாரந்தோறும் வெளியே எடுத்து வெயிலில் உலர்த்துவதாகும். பொரிப்புக் காலத்தினும் இடைவெளி குறுகியதாக இருப்பதே இதன் அடிப்படை; உலர்ந்த முட்டை பொரியாது. தீவனக் கம்புகளையும் இவ்வாறே முறைமாற்றி உலர்த்தலாம். கூலிச்செலவு கூடும் என உழவர் தயங்கலாம். ஆயினும் குஞ்சுகளை வாங்கும்போதே துடுப்பின் அடியிலும் தலையின் பின்புறத்திலும் பேன் உளதா எனப் பார்த்து, இருப்பின் நாற்றங்காலிலேயே நீக்கிக்கொண்டால் பெருங்குளத்தில் இவ்வுழைப்பு பெரிதும் குறையும்.