இங்கே என்றால் எங்கே?

நாற்சந்தி ஒன்றிலே கைகாட்டி மரம் ஒன்று நிற்கின்றது எனக் கொள்க. அதன் நான்கு கைகளும் நான்கு திசைகளைக் காட்டுகின்றன. ஆயின், எந்தக் கையிலும் ஊரின் பெயர் எழுதப்பெறவில்லை. "இவ்வழியே செல்க" என்னும் ஒரே வாசகமே நான்கிலும் காணப்படுகின்றது. இரவு வேளையிலே அவ்விடத்துக்கு வந்துசேரும் வழிப்போக்கனுக்கு அம்மரத்தால் யாது பயன்? வழி இருக்கின்றது என்பதை அவன் அறிவான். எவ்வழி எவ்வூருக்குச் செல்கின்றது என்பதை அறியான். ஒவ்வொரு வழியிலும் சிறிது தூரம் நடந்து பார்த்துத் திரும்பி வருவதைத் தவிர அவனுக்கு வேறு கதியில்லை.

இத்தகைய கைகாட்டியை எந்த ஊரவரும் நாட்டமாட்டார்கள். ஆனால், இணையத்தளங்களை அமைப்போர் பலர் இதனை நாள்தோறும் நாட்டிக்கொண்டிருக்கின்றனர். "இங்கே அழுத்தவும்", "மேலும் வாசிக்க", "விவரம்" என்று அடிக்கோடிட்டு எழுதப்பெறும் சொற்கள் யாவும் ஊர்ப்பெயர் இல்லாத கைகாட்டிகளே. எழுதுபவருக்கு இது சிறு விடயமாகத் தோன்றலாம். வாசிப்பவருக்கோ, தேடிவந்த பொருள் கிடைப்பதும் கிடையாது போவதும் சில வேளைகளில் அந்த ஒரு சொல்லைப் பொறுத்தே இருக்கின்றன.

இணைப்பு என்பது யாது என்பதை முதலில் நோக்குதல் தகும். ஜெனீவா நகரின் அருகிலுள்ள சேர்ண் ஆராய்ச்சி நிலையத்திலே பணியாற்றிய டிம் பேர்ணர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர், பல கணினிகளிற் சிதறிக் கிடந்த ஆவணங்களை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் திட்டம் ஒன்றை 1989ஆம் ஆண்டில் எழுதி அளித்தார். உலகளாவிய வலை அதிலிருந்தே பிறந்தது. ஓர் ஏட்டிலுள்ள சொல்லைத் தொட்டவுடன் வேறோர் ஏடு கண்முன் விரிவதே அவ்வலையின் உயிர்நிலை. இவ்வாறு தொடப்பெறும் சொல்லைக் குறிப்பதற்கு, நங்கூரம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தையே கணினிக் குறியீடாக அமைத்தனர். எனவே, ஒவ்வோர் இணைப்புக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, செல்லவேண்டிய பக்கத்தின் முகவரி. அது மறைந்து நிற்பது, கணினிக்கு உரியது. மற்றையது, வெளியே தோன்றும் சொல். அது மனிதனுக்கு உரியது. முகவரி பிழைத்தால் இணைப்பு அறுந்துபோகும்; பிழை உடனே வெளிப்படும். சொல் பிழைத்தாலோ இணைப்பு அறுவதில்லை. வாசகன் மாத்திரமே வழி தவறுகின்றான். இதனாலேயே இக்குறை நெடுங்காலம் கவனிக்கப்படாமல் கிடக்கின்றது.

இணைப்புச் சொல்லை வாசிப்போர் மூவகையினர். முதலாவது, விரைந்து செல்லும் கண். இணையப் பக்கத்தை மக்கள் நூலை வாசிப்பது போல வரிவரியாக வாசிப்பதில்லை. யாக்கொப் நீல்சன் என்னும் அறிஞர் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, சோதிக்கப்பெற்றவருள் நூற்றுக்கு 79 பேர் புதிய பக்கத்தை மேலோட்டமாகவே நோக்கினர் என்றும், சொல்லுக்குச் சொல் வாசித்தவர் நூற்றுக்கு 16 பேரே என்றும் கண்டார். அவ்வாறு ஓடும் கண், தலைப்புக்களிலும் நிறம் வேறுபட்ட சொற்களிலுமே தங்கி நிற்கும். இணைப்புச் சொல்லோ இயல்பாகவே நிறத்தாலும் அடிக்கோட்டாலும் தனித்துத் தெரிவது. அவ்வாறு கண்ணை நிறுத்திவைத்துக்கொண்டு, "இங்கே" என்பதற்கு மேல் எதனையும் சொல்லாதிருத்தல், வந்த விருந்தினரை வாயிலில் நிறுத்திவிட்டு வாய்பேசாதிருத்தலை ஒக்கும்.

இரண்டாவது வாசகர் கண்ணால் அன்றிச் செவியால் வாசிப்பவர். பார்வையற்றோர் கணினியைப் பயன்படுத்துவதற்குத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் துணைபுரிகின்றது. அது திரையிலுள்ள எழுத்துக்களைக் குரலாக மாற்றி உரைக்கும். அவுஸ்திரேலியாவிலே பார்வையற்ற இளைஞரான மைக்கல் கரன் என்பவர் 2006ஆம் ஆண்டில் தொடங்கிய என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் விலையின்றிக் கிடைப்பது. தமிழ் எழுத்தையும் வாசிக்க வல்லது. பக்கம் முழுவதையும் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லாதபோது, அதிலுள்ள இணைப்புக்களை மாத்திரம் பட்டியலாகத் தரும்படி இக்கருவியைப் பணிக்கலாம். அப்பொழுது ஒவ்வோர் இணைப்பும் தன்னைச் சூழ்ந்த வாக்கியத்தினின்றும் பிரிந்து தனியே ஒலிக்கும்.

பார்வையற்ற மாணவன் ஒருவன் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்க விரும்புகின்றான் எனக் கொள்க. அன்று மாலையோடு விண்ணப்ப காலம் முடிகின்றது. இணைப்புக்களின் பட்டியலைக் கேட்கின்றான். "இங்கே அழுத்தவும், இங்கே அழுத்தவும், இங்கே அழுத்தவும்" என்று பன்னிரண்டு முறை ஒலிக்கின்றது. பன்னிரண்டனுள் ஒன்று அவன் தேடும் விண்ணப்பப் படிவம். எது என்று அவன் எவ்வாறு அறிவான்? பார்வையுள்ளவன் அரை நொடியிற் கண்டுகொள்வதைக் காண, இவன் பன்னிரண்டு கதவுகளைத் தட்டுதல் வேண்டும். "புலமைப்பரிசில் விண்ணப்பப் படிவம்" என்று அவ்விணைப்புக்குப் பெயரிடப்பெற்றிருந்தால், அவன் ஒரே முறையில் உரிய இடத்தை அடைந்திருப்பான். எழுதியவருக்கு இதனால் ஒரு செலவும் இல்லை.

இக்காரணம் பற்றியே உலகளாவிய வலைக்கு நெறிகள் வகுக்கும் கூட்டமைப்பு, இணைப்பின் இலக்கைத் தெளிவாகக் குறித்தல் வேண்டும் என்று 1999ஆம் ஆண்டு நெறிகளிலேயே விதித்தது. 2008ஆம் ஆண்டு நெறிகள் இதனை இரண்டு படிகளாக வகுத்தன. இணைப்பின் நோக்கம், இணைப்புச் சொல்லாலோ அதனோடு தொடர்புபட்ட சூழலாலோ அறியக்கூடியதாக இருத்தல் அடிப்படையான படி. இணைப்புச் சொல் ஒன்றினாலேயே அறியக்கூடியதாக இருத்தல் உயர்ந்த படி.

மூன்றாவது வாசகர் மனிதர் அல்லர், தேடுபொறி. 1998ஆம் ஆண்டில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த சேர்ஜி பிறின், லறி பேஜ் என்னும் இருவரும் தாம் அமைத்த கூகிள் என்னும் தேடுபொறியைப் பற்றி ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். பெரும்பாலான தேடுபொறிகள் இணைப்புச் சொல்லை அது எழுதப்பெற்றுள்ள பக்கத்துக்கே உரியதாகக் கொள்ள, தாம் அதனை அது சுட்டும் பக்கத்துக்கும் உரியதாகக் கொள்வதாக அவர்கள் அதில் விளக்கினர். இக்கருத்தை வேர்ள்ட் வைட் வெப் வேர்ம் என்னும் முந்திய தேடுபொறி கையாண்டது என்பதையும் மறைக்காது கூறினர். ஒரு பக்கத்தைப் பற்றி அப்பக்கமே கூறுவதைவிட, பிறர் அதனைச் சுட்டும்போது கூறும் சொல் பல வேளைகளில் அதனைச் செவ்வையாக விளக்குகின்றது என்பதே அவர்கள் காட்டிய காரணம். 2 கோடியே 40 இலட்சம் பக்கங்களிலிருந்து 25 கோடியே 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புச் சொற்களை அவர்கள் திரட்டினர். படங்கள் போன்று சொற்களால் அமையாதவற்றையும் இம்முறையாற் கண்டெடுக்கலாம் என்பது அதன் மற்றொரு பயன்.

இதன் பொருள் யாது? "பனையோலைக் கைப்பணிப் பயிற்சி" என்று எழுதி ஒரு பக்கத்தைச் சுட்டுவோர், அப்பக்கம் எதனைப் பற்றியது என்று தேடுபொறிக்குச் சான்று கூறுகின்றனர். "இங்கே" என்று எழுதிச் சுட்டுவோர் எதனையும் கூறாது கையொப்பம் மாத்திரம் இடுகின்றனர். தேடல் வரிசையிலே ஒரு பக்கம் பெறும் இடத்தை வேறு பல காரணங்களும் தீர்மானிக்கின்றன என்பது மெய்யே. ஆயினும், தம் கையிலிருக்கும் சான்றை வீணாக்குதல் அறிவுடைமை ஆகாது.

விரையும் கண், கேட்கும் செவி, தொகுக்கும் பொறி ஆகிய மூன்றும் வேறு வேறு இயல்பின. எனினும், மூன்றும் வேண்டுவது ஒன்றே. அது ஏன் என்பதைத் தமிழ் இலக்கணம் விளங்கவைக்கின்றது. அ, இ, உ என்னும் எழுத்துக்களை இலக்கண நூலார் சுட்டு என்றனர். சுட்டுச் சொல்லுக்குத் தனியே நின்று பொருள் தரும் ஆற்றல் இல்லை. சொல்பவனும் கேட்பவனும் ஓரிடத்தில் நின்று ஒரே பொருளை நோக்கும்போதே அதன் பொருள் நிறைவுபெறுகின்றது. "இதைப் பார்" என்பவனின் விரலைக் காணாதவனுக்கு அச்சொல் வெற்றொலியே. வானொலியிற் பேசுவோர் இவ்வுண்மையை நன்கறிவர். ஒலிவாங்கியின் முன் அமர்ந்துகொண்டு "இந்தப் படத்தைப் பாருங்கள்" என்று எவரும் கூறுவதில்லை. படத்தில் உள்ளதைச் சொல்லால் தீட்டிக் காட்டுவர். இணைப்புச் சொல்லை எழுதுவோரும் விரலைக் காணாதவருக்கே எழுதுகின்றனர். ஆதலின், சுட்டை விட்டுப் பெயரைச் சொல்லுதல் வேண்டும். எஞ்சிய விதிகள் யாவும் இந்த ஒன்றன் விரிவேயாம்.

"மழைநீர்த் தொட்டி அமைக்கும் முறையை அறிய இங்கே அழுத்தவும்" என்று எழுதி, "இங்கே" என்பதை மாத்திரம் இணைப்பாக்குவது வழக்கம். "மழைநீர்த் தொட்டி அமைக்கும் முறை" என்னும் தொடரையே இணைப்பாக்கிவிட்டால் எஞ்சிய சொற்கள் வேண்டப்படா. செய்தி ஒவ்வொன்றன் அடியிலும் "மேலும் வாசிக்க" என்று எழுதுவதிலும், செய்தியின் தலைப்பையே இணைப்பாக்குதல் நன்று. பக்கத்தின் முகவரியை அப்படியே இணைப்பாக இடுதல் தகாது. திரைவாசிப்பான் அதனைப் பொருளற்ற எழுத்து வரிசையாக ஒப்புவிக்கும். இணைப்பு பக்கத்தைத் திறவாமல் கோப்பொன்றை இறக்குமாயின், அதன் வகையையும் அளவையும் சொல்லிவிடுதல் நேர்மை. குறைந்த தரவுக் கட்டணத்தோடு கைத்தொலைபேசியை வைத்திருப்பவருக்கு அது பேருதவியாகும். படம் ஒன்று இணைப்பாக அமையுமிடத்து, படத்துக்கு மாற்றாக எழுதப்பெறும் விளக்கமே இணைப்புச் சொல்லின் இடத்தைப் பெறுகின்றது; அதனை வெறிதே விடலாகாது. ஒரே பெயரால் இரண்டு வேறு இடங்களைச் சுட்டுதலும் மயக்கத்துக்கே இடமாகும்.

தமிழில் எழுதுவோர் கவனிக்கவேண்டியது இன்னும் ஒன்று உண்டு. தமிழிலே அடைமொழிகள் பெயருக்கு முன்னே வருவன. "நிபுணர்களின் ஆலோசனையுடன் அண்மையில் திருத்தியமைக்கப்பெற்ற நீரிழிவு நோயாளர் உணவு அட்டவணை" என்று எழுதினால், வேண்டிய சொல் வருவதற்குள் கண் அடுத்த வரிக்குச் சென்றுவிடும். நீல்சன் 2009ஆம் ஆண்டில், இணைப்புக்களின் முதல் 11 எழுத்துக்களை மாத்திரம் காட்டி, அவை எதனைக் குறிக்கின்றன என்று மக்கள் அறிகின்றனரா எனச் சோதித்தார். தொடக்கச் சொல்லுக்கு உள்ள மதிப்பு அத்தகையது. "நீரிழிவு நோயாளர் உணவு அட்டவணை" என்பதை இணைப்பாக்கி, ஏனைய செய்தியை அதன் பின்னே தனி வாக்கியமாக வைத்தலே முறை. "அட்டவணையைப் பார்க்க" என்று வேற்றுமை உருபோடும் வினையோடும் இழுத்துச் செல்லாது, பெயரளவில் நிறுத்துதல் தெளிவைத் தரும்.

தேடுபொறி இணைப்புச் சொல்லை மதிக்கின்றது என்று அறிந்தவுடன் அதனைத் தவறாகப் பயன்படுத்தியோரும் உளர். 2003ஆம் ஆண்டில், "படுதோல்வி" எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடர் ஒன்றைப் பலர் திட்டமிட்டுத் தத்தம் பக்கங்களில் எழுதி, அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புப் பக்கத்தை அதனாற் சுட்டினர். அப்பக்கத்தில் இல்லாத அத்தொடரைத் தேடியவருக்கு அப்பக்கமே முதலிடத்தில் தோன்றிற்று. 2007ஆம் ஆண்டில் கூகிள் தன் கணிப்பு முறையைத் திருத்தி இதனைத் தடுத்தது. வணிகம் செய்வோர் சிலர், ஒரே விற்பனைத் தொடரை ஆயிரக்கணக்கான இடங்களிலே திணித்து முன்வரிசையைப் பிடிக்க முயன்றனர். 2012ஆம் ஆண்டில் பென்குயின் எனப் பெயரிட்டு வெளியிடப்பெற்ற திருத்தம் அத்தகைய செயற்கை இணைப்புக்களைப் பெரிதும் பயனற்றனவாக்கியது. பொறியை ஏமாற்ற எழுதப்பெறும் சொல் வாசகனுக்கும் உதவுவதில்லை, பொறியிடத்தும் நிலைப்பதில்லை.

இணைப்புக்கள் செவ்வையாக அமைந்துள்ளனவா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பக்கத்திலுள்ள ஏனைய சொற்களை நீக்கிவிட்டு, இணைப்புச் சொற்களை மாத்திரம் ஒரு தாளில் வரிசையாக எழுதி, அப்பக்கத்தை முன்பு காணாத ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டுதல் வேண்டும். ஒவ்வொன்றும் எங்கே கொண்டுசெல்லும் என்று அவர் சொல்லிவிடுவாராயின் அப்பக்கம் தேறிற்று. "இங்கே என்றால் எங்கே?" என்று அவர் வினவுவாராயின், அவ்விடத்திலே ஊரின் பெயர் இன்னும் எழுதப்பெறவில்லை என்பது தெளிவு. அதனை எழுதுவதற்குச் சில நொடிகளே செல்லும். அதன் பின்னர் அவ்வழியே வரும் எவரும், கண்ணால் வருபவராயினும் செவியால் வருபவராயினும், சந்தியில் நின்று தயங்கவேண்டியதில்லை.