அந்தமான் சிறையின் இரண்டாவது வரலாறு: போர்க்காலத்தில் அடைக்கப்பட்ட குடியேறிகளுக்கு நினைவிடம் எங்கே?

பாம்பூஃப்ளாட்: அந்தமானின் செல்லுலார் சிறை என்றதும் நினைவுக்கு வருபவர்கள் விடுதலைப் போராட்டக் கைதிகள். அவர்கள் 1938-இல் தாயகம் திருப்பி அனுப்பப்பட்ட பின்னர், இரண்டாம் உலகப் போரின்போது அதே அறைகளில் அத்தீவின் குடிமக்களே அடைக்கப்பட்டனர் என்பது பரவலாக அறியப்படவில்லை.

யார் இவர்கள்?

தண்டனைக் கைதிகளாகவும் ஊழியர்களாகவும் பெருநிலத்திலிருந்து வந்து குடியேறியவர்களும், அவர்களின் வழித்தோன்றல்களுமே அன்றைய அந்தமான் மக்கள்தொகையில் பெரும்பான்மையினர். 1921 மலபார் எழுச்சிக்குப் பின் நாடுகடத்தப்பட்ட மாப்பிள்ளைகள் பாம்பூஃப்ளாட் வட்டாரத்தில் குடியேறியதும் இவ்வாறே.

ஏன் கைது?

ஜப்பானியப் படை 1942 மார்ச் 23-இல் போர்ட் பிளேயரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) இறங்கியது. 1943-இல் பிரிட்டிஷ் உளவுக் குழு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து ரகசியமாகத் தரையிறங்கியது. ஜப்பானியரின் சந்தேகமோ உள்ளூர் மக்கள் மீது விழுந்தது. உளவாளிகள் என்ற பெயரில் பலர் சிறையில் சித்திரவதை செய்யப்பட்டனர்.

இந்திய சுதந்திர லீக்கின் உள்ளூர்த் தலைவரும் பஞ்சாபிக் கவிஞருமான டாக்டர் திவான் சிங்கும் தப்பவில்லை. 1943 டிசம்பர் 30-இல் நேதாஜி போர்ட் பிளேயரில் தேசியக் கொடியேற்றியபோது அவர் சிறைக்குள் இருந்தார். 1944 ஜனவரி 14-இல் உயிரிழந்தார். ஜனவரி 30-இல் 44 இந்தியர்கள் ஹம்ஃப்ரிகஞ்சில் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

நினைவிடங்கள்

1979-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட செல்லுலார் சிறை, முதன்மையாக விடுதலைப் போராட்டத்தின் சின்னமாகவே போற்றப்படுகிறது. 44 பேருக்கான நினைவிடம் ஹம்ஃப்ரிகஞ்சில் உள்ளது. திவான் சிங்கின் பெயரை போர்ட் பிளேயர் குருத்வாரா தாங்கி நிற்கிறது. ஆக, கொல்லப்பட்டோருக்கு நினைவிடம் உண்டு. அடைபட்டு உயிர்தப்பியோரின் துயரம் பெரும்பாலும் குடும்ப நினைவுகளிலேயே தங்கிவிட்டது.

பிற நாடுகளில்

அமெரிக்கா, போர்க்காலத்தில் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. 1988-இல் மன்னிப்புக் கோரி, உயிருடன் இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கியது. கலிபோர்னியாவின் மன்சனார் முகாம் 1992-இல் தேசிய வரலாற்றுத் தலமானது.

இந்தியாவிலும் 1962 சீனப் போரையொட்டி சுமார் 3,000 சீன வம்சாவளியினர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அரசு மன்னிப்புக் கோர வேண்டும் என்பது அவர்களின் நீண்டகாலக் கோரிக்கை. அந்தமானில் அடைத்தது அந்நியப் படை. தேவ்லியில் அடைத்தது சொந்த அரசு. ஆனால் சந்தேகத்தின் பேரில், விசாரணையின்றி வாழ்வை இழந்தவர்கள் இரு இடங்களிலும் சாதாரணக் குடிமக்களே.