கிளை நிலையங்களுக்கு ஒரு செயல்முறைக் கையேடு

ஓர் ஊரின் உழவர்கள் ஒன்றுகூடி நடத்தும் மரச்செக்கு எண்ணெய் நிலையம் நற்பெயர் பெற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அண்டை ஊரார் வந்து, "உங்கள் பெயரிலேயே எங்கள் ஊரிலும் ஒரு நிலையம் தொடங்க இசைவு தாருங்கள், முதல் எங்களுடையது, உரிமைத் தொகையும் செலுத்துகிறோம்" என்கின்றனர். பெயரையும் தொழில்முறையையும் இவ்வாறு பிறருக்கு வழங்குவதையே வணிகத் துறையில் 'பிரான்சைஸ்' என்பர்.

கேட்க மகிழ்ச்சியாகவே இருக்கும். ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு உண்டாகக்கூடும். அது ஈரலைக் கெடுப்பது; கண்ணுக்குப் புலப்படாதது. சுத்திகரிக்கப்படாத செக்கு எண்ணெயில் அது தங்கிவிடவும் கூடும். புதிய நிலையத்தில் அத்தகைய கடலை ஒருமுறை செக்கில் விழுந்தால், பழைய நிலையத்தின் எண்ணெயும் விலைபோகாது. வாங்குபவர் ஊரைப் பார்ப்பதில்லை; புட்டியின் மேலுள்ள பெயரையே பார்க்கிறார். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்னரே செயல்முறைக் கையேடு எழுதி முடிக்கப்பெற வேண்டும்.

கையேடு எத்தகையதாயிருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்க நாட்டு உதாரணம் ஒன்று உண்டு. மக்டொனால்ட் உணவகங்களுக்காக 1958-ஆம் ஆண்டில் பிரெட் டர்னர் என்பவர் 75 பக்கக் கையேடு ஒன்றைத் தயாரித்தார். இறைச்சி வில்லைகளை அடுப்புத் தட்டில் வரிசைக்கு ஆறாக ஆறு வரிசைகளில் இடவேண்டும். புரட்டும்போது மூன்றாம் வரிசையிலிருந்து தொடங்கி, முதல் இரண்டு வரிசைகளை இறுதியில் புரட்டவேண்டும் என்று அதில் விதித்தார். அவ்விரு வரிசைகளும் வெப்பத்திற்குத் தொலைவில் இருந்தமையே காரணம். நம் உணவுக்கும் அதற்கும் தொடர்பில்லைதான். எனினும், காரணத்தோடு கூடிய விதியைப் பணியாளர் எளிதில் மீறமாட்டார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம் நிலையத்தில் கடினமான பகுதி யாதெனில், செக்காட்டுபவரின் கைப்பதமே. எள் ஆட்டும்போது எப்பொழுது நீர் தெளிப்பது, எவ்வளவு கருப்பட்டி இடுவது என்று வினவினால், "பார்த்தால் தெரியும்" என்றே அவர் கூறுவார். அவர் கூறுவது பொய்யன்று. ஆனால் அதைக் கையேட்டில் எழுத இயலாது. எழுதுபவர் சில நாட்கள் அவர் அருகிலேயே அமர்ந்து, அவர் அள்ளும் கருப்பட்டியை நிறுத்தும், தெளிக்கும் நீரை அளந்தும், கடிகாரம் பார்த்தும் குறித்துக்கொள்ள வேண்டும். எள்ளின் ஈரத்திற்கேற்ப இவ்வளவு மாறுமாதலால், ஈரமானியின் அளவையும் உடன் குறிக்க வேண்டும். அவ்வாறும் அடங்காதவற்றை, பிண்ணாக்கு எவ்வாறு பிரிய வேண்டும் என்பது போன்றவற்றை, படத்துடன் விளக்குவதே நன்று.

எழுதி முடித்தபின், இத்தொழில் அறியாத ஒருவரிடம் கையேட்டைக் கொடுத்து ஆட்டச் சொல்லுங்கள். அருகில் நிற்பவர் வாய் திறவாதிருக்க வேண்டும். அவர் எவ்விடத்தில் தயங்கி நிற்கிறாரோ அவ்விடத்தை மீண்டும் எழுத வேண்டும். நிர்வாகிகள் பலர் இச்சோதனையை வீண்வேலை என்று தவிர்த்துவிடுகின்றனர், பின்னர் வருந்துகின்றனர்.

பருப்பைக் காயவைத்துப் பொறுக்குதல், செக்கைத் துப்புரவு செய்தல், எண்ணெயைத் தெளியவைத்தல், அன்றாடக் கணக்கு, குறை கூறி வருவோருக்கு விடையளித்தல் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பகுதிகள் தேவை. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வோர் இடத்திற்கும் தனியே பதிவோ உரிமமோ பெற வேண்டும். தாய் நிலையத்தின் எண்ணைக் கிளை பயன்படுத்தலாகாது. பெயரையும் சின்னத்தையும் 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின்கீழ் முன்னதாகவே பதிவு செய்துகொள்வது பாதுகாப்பாகும். உரிமைத் தொகை, தவணை முதலியவை ஒப்பந்தத்திற்குரியவை; அவற்றைக் கையேட்டில் கலக்க வேண்டா.

கையேட்டைத் தைத்துக் கட்டாமல், தாள்களை மாற்றத்தக்க கோப்பாக வைத்திருங்கள். ஒவ்வொரு தாளிலும் தேதி இருக்கட்டும். முறை மாறும்போது புதிய தாளை எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பி, பழையதைத் திரும்பப் பெற்றுக் கையொப்பம் வாங்குக. படிகளுக்கு எண்ணிட்டு, எந்தப் படி யாரிடம் உள்ளது என்று பதிவேட்டில் எழுதிவைத்தால், ஒப்பந்தம் முடிவுறும் நாளில் அதனைக் கேட்டுப் பெறுவது எளிதாகும்.