கடலூரில் காலை, சிதம்பரத்தில் மாலை

கடலூரையும் சிதம்பரத்தையும் குடும்பத்தோடு ஒரே நாளில் பார்த்துவிட முடியும். இரண்டு ஊருக்கும் இடையே ஏறக்குறைய 45 கிலோமீட்டர், பேருந்துக்குக் குறைவில்லை. கணக்குப் போட வேண்டியது கோயில் நடையைத்தான். நடராசர் கோயில் நண்பகலில் சாத்தினால் மாலை 5 மணி வாக்கில்தான் திறக்கும். வெளியூர்க்காரர்களில் பலர் காலையிலேயே நேராகச் சிதம்பரம் போய்விட்டு, பிச்சாவரத்தில் ஒரு படகுச் சவாரியோடு திரும்பிவிடுகிறார்கள். கடலூரைப் பேருந்து சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. கடற்கரையில் தொடங்கிக் கோயிலில் முடிக்கும் வரிசையே நல்லது.

உள்ளூரில் கடலூர் என்றால் என்.டி.யா, ஓ.டி.யா என்று கேட்பார்கள். மஞ்சக்குப்பமும் திருப்பாதிரிப்புலியூரும் அடங்கியது புதுநகர். துறைமுகம் இருப்பது முதுநகர். விடியற்காலையில் போக வேண்டியது புதுநகரை ஒட்டிய தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு. நீளமான மணல்வெளி, பிள்ளைகள் ஓடியாடத் தாராளமான இடம். அலையில் இறங்கினால் மட்டும் கண்காணிப்பு வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் பெரும் அடி வாங்கிய மீனவர் குப்பங்களில் தேவனாம்பட்டினமும் ஒன்று.

கடற்கரைக்கு அருகே, கெடிலம் ஆற்றங்கரையில் இருந்தது செயின்ட் டேவிட் கோட்டை. 1690இல் கிழக்கிந்திய கம்பெனி இதை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒப்பந்தத்தில் இருந்த அளவுகோல் பீரங்கிக் குண்டு: சுட்ட குண்டு போய் விழும் தூரம்வரை கம்பெனிக்கு. நாலா பக்கமும் சுட்டார்கள்; அந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் விழுந்தது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இந்தக் கோட்டைக்கு மாறியது. 1752வரை அப்படியே நீடித்தது. ராபர்ட் கிளைவ் 1756இல் இதன் ஆளுநர் பொறுப்புக்கு வந்து, அதே ஆண்டு கல்கத்தாவை மீட்கக் கப்பலேறினார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். இன்று எஞ்சியிருப்பவை சிதைவுகளே. மதில், கொத்தளம் என்று எதிர்பார்த்துப் போகிற பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். குண்டு கிராமக் கதையை அங்கே நின்று சொன்னால் அந்த ஏமாற்றம் பறந்துவிடும்.

முதுநகர்த் துறைமுகம் உப்பனாறும் பரவனாறும் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிறது. ஆழம் போதாததால் பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, சரக்கைப் படகுகளில் கரைக்குக் கொண்டுவருவதுதான் இங்கே பழைய வழக்கம். காலை நேரத்தில் சரக்குக் கப்பலைவிட மீன்பிடிப் படகுகளைப் பார்ப்பதே சுவாரசியம். பாரதியாரை நினைப்பவர்களுக்கும் இந்த ஊர் முக்கியம்: 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறியதும் கைதான அவர் அடைக்கப்பட்டது கடலூர்ச் சிறையில்.

கிளம்பும் முன் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலையும் பார்த்துவிடலாம். பாதிரி மரம் இங்கே தலவிருட்சம். சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய அப்பரைப் பல்லவ மன்னன் கல்லில் கட்டிக் கடலில் தள்ள, அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து இந்தப் பக்கம் கரைசேர்ந்தது என்பது மரபு. அந்த இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்று பெயர் இன்றும் வழங்குகிறது. சமணருக்கும் இது பெரிய தலம். ‘லோகவிபாகம்’ என்ற சமண நூல் கி.பி. 458இல் இங்கேதான் எழுதப்பட்டது.

சிதம்பரம் சாலையில் முதலில் வருபவை சிப்காட் வளாகத்தின் ரசாயன ஆலைகள். அங்கே நிற்க ஒன்றுமில்லை. வழியில் பரங்கிப்பேட்டைக்குப் பிரிந்து போகலாம். போர்ச்சுகீசியர் போர்ட்டோ நோவோ என்று அழைத்த துறைமுகம் அது. 1781 ஜூலை 1 அன்று ஐதர் அலியை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் முறியடித்த களமும் அதுவே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அங்கே இருக்கிறது. நேரம் இறுகினால் விட்டுவிடக்கூடிய நிறுத்தம் இது ஒன்றுதான்.

பிச்சாவரம் சிதம்பரத்துக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் பரவிய அலையாத்திக் காடு. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ‘இதயக்கனி’ படத்துக்காக எம்.ஜி.ஆர். வந்ததை இங்கே இன்னமும் பேசுவார்கள். மோட்டார் படகு அகலமான கால்வாய்களோடு நின்றுவிடும். துடுப்புப் படகுதான் கிளைகள் தலையில் உரசும் ஒடுக்கமான வாய்க்கால்களுக்குள் நுழையும். ஆகவே காசு கொடுத்தால் துடுப்புப் படகுக்கே கொடுக்க வேண்டும். சுரபுன்னையின் வேர்கள் கிளையிலிருந்து வில்லாக வளைந்து சேற்றில் ஊன்றியிருக்கும். வெண்கண்டல் மரத்தடியில் நூற்றுக்கணக்கான மூச்சுவேர்கள் விரல் பருமனில் சேற்றுக்கு மேலே தலைநீட்டும். காற்றில்லாத சேற்றில் மரம் சுவாசிப்பது அவற்றின் வழியாகத்தான். காட்டில் தில்லை மரமும் உண்டு. இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் கசியும். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகள் கையை நீட்டும் முன் படகோட்டியிடம் கேட்டுக்கொள்வது உத்தமம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயரைத் தந்த மரம் இதுதான். அதைப் பார்க்க இன்று வர வேண்டியது இந்தக் கழிமுகத்துக்கு.

மதியச் சாப்பாடும் ஓய்வும் சிதம்பரத்தில். இந்த ஊரின் கத்தரிக்காய் கொத்சு பெயர்போனது. நடராசருக்குச் சம்பா சாதத்தோடு அதுவே நைவேத்தியம்.

சுமார் 40 ஏக்கர் கோயிலுக்குள் கிழக்குக் கோபுர வாயிலால் நுழைவதே சரி. அதன் உட்சுவர்களில் பரத சாத்திரத்தின் 108 கரணங்களும் அவற்றுக்குரிய சுலோகங்களோடு சிற்பங்களாக நிற்கின்றன. ஒவ்வொரு கரணத்தையும் செய்துகாட்டப் பிள்ளைகளைச் சொன்னால் அரை மணி நேரம் போவது தெரியாது. சித்சபை, கனகசபை, நிருத்தசபை, தேவசபை, ராஜசபை என ஐந்து சபைகள். நடராசர் சந்நிதிக்கு எதிரே ஓரிடத்தில் நின்றால் கோவிந்தராசப் பெருமாளையும் சேர்த்துத் தரிசிக்கலாம். ஆண்கள் கனகசபை ஏறச் சட்டையைக் கழற்ற வேண்டும். பொன்னோடு வேய்ந்த கூரையை இருட்டும் முன் பார்த்துவிடுவது நல்லது.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு எச்சரிக்கை. அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் எச்சரிக்கை இருந்தால் பிச்சாவரத்தில் படகு ஓடாது, விசாரித்துவிட்டே கிளம்புங்கள். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ராவுக்கும் மூலவர் நடராசரே தேரேறி வீதிக்கு வருவார், கூட்டம் தாங்காது. கைக்குழந்தையோடு போகிறவர்கள் அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள்.