அன்று ஒரு கூடம், இன்று ஆளுக்கொரு திரை

தொண்ணூறுகளின் முற்பகுதியில் கேபிள் வராத ஸ்ரீரங்கத்து வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் தூர்தர்ஷன்தான். 1993-இல் ‘ஜங்கிள் புக்’ வந்தது. டிஸ்னியின் ‘டக் டேல்ஸ்’, ‘டேல்ஸ்பின்’ இரண்டும் அந்தப் பத்தாண்டில்தான் வந்தன. எல்லாமே இந்தி. தென்னூர் இந்திப் பிரசார சபாவின் பரீட்சை ஏதாவது தேறிய அண்ணன் ஒருவன் கூட்டத்தில் இருந்தால் அவனே மொழிபெயர்ப்பாளன். தெரியாத இடங்களை அவன் சொந்தச் சரக்கால் நிரப்புவான். பல நாள் மூலத்தைவிட அது நன்றாக இருந்தது.

‘டேல்ஸ்பின்’னுக்கு மொழி அதிகம் தேவைப்படவில்லை. பலூ சரக்கு விமானம் ஓட்டும் சோம்பேறிக் கரடி. வான்கொள்ளையர் கூட்டத்திலிருந்து ஓடிவரும் குட்டிக் கரடி கிட். நேற்றுவரை திருடர்களோடு இருந்தவனைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, வழி பார்த்துச் சொல்லும் வேலையையும் பலூ கொடுத்துவிடுகிறான். அப்பாவும் இல்லை, அண்ணனும் இல்லை. இருந்தும் ஒரு பெரியவன் ஒரு சின்னவனைத் தன் ஆளாக்கிக்கொள்வது எல்லோருக்கும் புரிந்தது.

புரிந்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. உத்திர வீதி, சித்திரை வீதி வீடுகளில் டிவி கூடத்தில் இருக்கும். தெருப் பையன்கள் தரையில் நெருக்கியடித்து உட்காருவார்கள். அடையவளஞ்சான் வீதியைத் தாண்டியும், மூலத்தோப்புப் பக்கமிருந்தும் வருபவர்களில் சிலர் நடையோடு நிற்பார்கள், சிலர் தெரு ஜன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு. யார் எதுவரை வரலாம் என்று எந்த வீட்டிலும் அறிவித்ததில்லை. பையன்களுக்குத் தெரிந்திருந்தது. கிட்டைப் பலூ ஏற்றுக்கொண்ட காட்சிக்குக் கூடமும் ஜன்னலும் சேர்ந்துதான் சிரித்தன. படம் முடிந்ததும் கொள்ளிடக் கரையில் ஒரே அணியாகக் கிரிக்கெட் ஆடியவர்கள்தான் அவர்கள். அடுத்த ஞாயிறு மறுபடி அவரவர் இடம்.

இந்த ஏற்பாட்டை உடைத்தது எந்தக் கார்ட்டூனும் அல்ல. 2006-இல் அரசு கொடுக்கத் தொடங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி. மறு ஆண்டே சுட்டி டிவி வந்தது, முழுக்கத் தமிழில். 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கிடைத்தது. ஜன்னலில் நின்றவனின் வீட்டிலும் இப்போது அதே பொம்மைப்படம், அதுவும் புரிகிற மொழியில். அன்றைய ஞாயிறுகளை நினைத்து இன்று ஏங்குகிறவர்கள் பெரும்பாலும் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். நானும் அதில் சேர்த்தி. ஜன்னலில் நின்ற நண்பன் ஒருவனிடம் இதைப் பேசியபோது, கம்பியின் துரு கையில் ஒட்டியதுதான் நினைவிருக்கிறது என்றான்.

சுட்டியில் ஊரைக் கட்டிப்போட்டது ‘ஜாக்கி சான்’. அமெரிக்காவில் 2000 முதல் 2005 வரை ஐந்து பருவங்களாக ஓடிய தொடர். அதில் எனக்குப் பிடித்தவன் ஜாக்கி அல்ல, டோரு. மலைபோல் உடம்பு, முதல் பருவத்தில் வில்லனின் அடியாள். பிறகு மனம் மாறி வருகிறான். ஜாக்கியின் அதட்டிக்கொண்டே இருக்கும் சிடுமூஞ்சி மாமா அவனைச் சீடனாகச் சேர்த்துக்கொள்கிறார். இந்தியில் பார்த்த கிட்டின் கதை, பதினைந்து ஆண்டு கழித்துத் தமிழ் பேசி வந்த மாதிரி இருந்தது. இந்த முறை கூட இருந்து பார்க்கத்தான் ஆள் குறைவு.

இப்போதைய பையன்களுக்கு மோட்டு பட்லு, டோரேமான், ஷின்சான். ‘லோட்போட்’ என்ற இந்திச் சிறுவர் இதழில் பிறந்த மோட்டுவும் பட்லுவும் 2012-இல் தொலைக்காட்சிக்கு வந்தார்கள். ஒருவன் பருமன், மற்றவன் ஒல்லி. சமோசாவுக்காக மோட்டு ஊரையே புரட்டிப் போடுவான், பட்லு அடுத்த யோசனையைச் சொல்வான். கவுண்டமணி–செந்தில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஜோடி புதிதல்ல. ஆனால் ‘கரகாட்டக்காரன்’ வந்த 1989-இல் நாங்கள் கற்ற நட்பில் ஒருவன் எப்போதும் அடி வாங்க வேண்டும், அவன் உருவமே நகைச்சுவையாக வேண்டும். அடுத்த காட்சியில் இருவரும் சேர்ந்தே வருவார்கள் என்பதுதான் அதிலிருந்த பாசம். மோட்டு பட்லுவிலும் அடிதடிக்குக் குறைவில்லை. ஆனாலும் அடிவாங்குவது ஒருவனுடைய நிரந்தர வேலையாக இல்லை.

பார்ப்பது பெரும்பாலும் கைபேசியில், காதில் ஒரு குமிழை மாட்டிக்கொண்டு. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கதைக்கும் தம்பி வேறொரு கதைக்கும் தனித்தனியே சிரிக்கிறார்கள். சேர்ந்து சிரிப்பது மறுநாள் பள்ளி வேனில். எங்கள் காலத்தில் வகுப்பில் குண்டாக, கறுப்பாக இருந்தவனுக்கு ‘செந்தில்’ என்று பட்டம் வைத்தோம். அவன் சிரித்ததாகத்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். இன்று அம்மா மண்டபம் சாலையில் போகும் வேனில் கணக்கில் முட்டை வாங்கியவன் டோரேமான் கதையில் வரும் ‘நோபிதா’, மிரட்டுகிறவன் ‘ஜியான்’. நோபிதா என்று கூப்பிட்டால் அந்தப் பையன் கோபித்துக்கொள்வதில்லை. அவனுக்கும் நோபிதாவைப் பிடித்திருக்கிறது. டோரேமான் எங்கே என்று மட்டும் கேட்கிறான்.