கல்லாச் சாவியும் வளரும் பிள்ளையும்



கள்ளக்குறிச்சிக் கடைவீதியிலும் சின்னசேலம், சங்கராபுரம் மண்டிகளிலும் நாம் கூடும்போது, சரக்கு விலைக்கு அடுத்தபடி அடிபடும் பேச்சு ஒன்று உண்டு. “பையன் கடைப்பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.” பிள்ளையைக் கேட்டால், “மூட்டை எண்ணச் சொல்வார், பேரேட்டைக் காட்டமாட்டார்” என்கிறான்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. பிள்ளை வளர்ந்துவிட்டதை அவன் செய்யும் வேலையை வைத்து நாம் நிறுக்கிறோம். அவனோ தன்னிடம் விடப்படும் முடிவை வைத்து நிறுக்கிறான். எடைக்கல் வேறானால் நிறுவை எப்படி ஒத்துப்போகும்?

கல்லாவை நம்பிக் கொடுக்காத நாம், மண்டிக்கு ஓடிவர வண்டிச் சாவியை மட்டும் உரிமம் இல்லாத பிள்ளையிடம் நீட்டுகிறோம். 2019 சட்டத் திருத்தத்தின்படி இதற்குப் பெற்றோருக்கே 3 ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு.

கல்வராயன் மலையில் நிலைமை தலைகீழ். பெற்றோர் கூலி வேலைக்கு வெளியூர் போய்விட்டால், மூத்த பிள்ளைதான் வீட்டுக்குப் பெரியவர். படிக்க ஆசைப்படும் வயதில் பொறுப்பு தலையில் ஏறிவிடுகிறது. அங்கிருந்து வேலை கேட்டு வரும் சிறுவரிடம் முதலில் வயதைக் கேட்போம். 14 வயது நிறையாதவரைக் கடையில் வைப்பது குற்றம். பள்ளி நேரம் போகச் சொந்தக் கடையில் பெற்றோருக்கு உதவுவதற்கு மட்டுமே 2016 திருத்தம் இடம் தருகிறது.

பிள்ளையின் விருப்பத்தைக் கேட்பது புதுமை அல்ல. நமது 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. 18 வயது நிறையாத பிள்ளையை, மற்றக் கூட்டாளிகள் அனைவரும் சம்மதித்தால், இலாபத்தில் பங்கு பெறச் சேர்க்கலாம். அப்போது நஷ்டத்துக்கு அவனது பங்கு மட்டுமே பொறுப்பு, அவனது சொந்தச் சொத்து அல்ல. அவன் கணக்கைப் பார்வையிடவும் உரிமை உண்டு. 18 நிறைந்தபின், கூட்டாளி ஆவதா விலகுவதா என்று முடிவு செய்து பொது அறிவிப்புக் கொடுக்க 6 மாத அவகாசம். தான் சேர்க்கப்பட்டதே பிறகுதான் தெரிந்தால், தெரிந்த நாளிலிருந்து 6 மாதம். வாய் திறக்காமல் இருந்துவிட்டால் கூட்டாளியாகவே கருதப்படுவான். சேர்ந்த நாள் முதலான கடன்களுக்கும் சொந்தப் பொறுப்பு வந்துவிடும். ஆகவே, பிள்ளைக்குத் தெரியாமல் பத்திரத்தில் பெயர் சேர்க்கும் பழக்கத்தை விடுவோம்.

பதினாறு வயதில் ஒரே ஒரு சரக்கின் கொள்முதலை அவனிடம் விடுவோம். சிறு தொகை போதும். லாபமோ நஷ்டமோ அவனே எழுதட்டும். வாரம் ஒருநாள் பேரேட்டைச் சேர்ந்து பார்ப்போம். மகளுக்கும் இதே வாய்ப்பைக் கொடுப்போம். அதன்பிறகும் வேறு படிப்பு, வேறு தொழில் என்று பிள்ளை சொன்னால், அது கடையை அறிந்தபின் சொன்ன சொல். அதை மதித்துக் கேட்பது நம் கடமை.