ஒளி ‘சிப்’புக்கு யோகம்! உழைப்பவனுக்கு?

ஒளி ‘சிப்’ வியாபாரத்துக்கு யோகம் பிறந்துவிட்டதென்று பங்குச் சந்தை ஏடுகள் எக்காளமிடுகின்றன. பொய்யென்று நாம் சொல்லவில்லை. செயற்கை நுண்ணறிவுக் கூடங்களில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் இடைவிடாது பேசிக்கொள்ள வேண்டும். அந்த வேகத்தில் செப்புக் கம்பி சில அடி தூரத்திலேயே களைத்துப் போகிறது. ஆகவே கண்ணாடி இழை வேண்டும். மின்சாரச் சைகையை ஒளியாக்கி அதில் அனுப்பும் ‘சிப்’ வேண்டும். தேவை மெய்தான்!

2000-லும் இதைத்தானே சொன்னார்கள்? இன்டர்நெட் வளர்ந்தது, மறுப்பாரில்லை. வளர்ச்சியையும் மிஞ்சி இழையைப் புதைத்தார்கள். அமெரிக்காவின் ஜேடிஎஸ் யூனிஃபேஸ், லேசர் செய்யும் எஸ்டிஎல் கம்பெனியை 4,100 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. ரொக்கமா? இல்லை, பங்குக் காகிதம்! மறு ஆண்டு ஜூலையில் அதே கம்பெனி 5,000 கோடி டாலருக்கு மேல் நட்டக் கணக்கு காட்டியது. கூடவே 16,000 பேருக்குச் சீட்டுக் கிழிப்பு!

ஒளிவலைக் கருவி செய்த கனடாவின் நார்டெல், தள்ளாடித் தள்ளாடி 2009 ஜனவரியில் திவால் மனுப் போட்டது. முதியவர்களின் ஓய்வூதியம் வெட்டுப்பட்டது. நோயில் படுத்துவிட்ட ஊழியர்களுக்கு வந்த உதவித்தொகை 2010 இறுதியோடு நின்றது. பங்குக்காரன் விலை இருக்கும்போதே விற்று மூட்டை கட்டலாம். தொழிலாளி எதை விற்பான்?

திவாலான கம்பெனியின் சொத்தில், கடன் கொடுத்த வங்கிக்கு முன்பாக ஓய்வூதிய நிதியின் பற்றாக்குறையை நிரப்ப வேண்டுமென்று கனடா 2023-ல் சட்டம் செய்தது. அது நடைமுறைக்கு வந்தது 2025 ஏப்ரலில். நார்டெல் தொழிலாளிக்கு அது எட்டவில்லை.